மின்னிசை வண்டி பிறந்த கதை

இசையை நாடி மக்கள் செல்வது ஒரு முறை. மக்களை நாடி இசை செல்வது மற்றொரு முறை. அரங்கிலே நிகழும் இசையைக் கேட்பதற்கு வாயிலிலே கட்டணம் செலுத்தி உள்ளே புகுதல் வேண்டும். வீதியிலே வரும் இசைக்கு வாயிலும் இல்லை, கட்டணமும் இல்லை. எனினும், ஓடுகின்ற வண்டி ஒன்றிலிருந்து, திறந்த வெளியிலே, பல்லாயிரவர் செவியிலும் தெளிவாக விழுமாறு இசையை எழுப்புதல் எளிய செயலன்று. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டிலே இரு நண்பர்கள் அதனைச் செய்து காட்டினர். ஒருவர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். மற்றவர் இரும்புப் பட்டறை நடத்தியவர். பழைய மோட்டார் வண்டி ஒன்றில் அவர்கள் அமைத்த ஒலிபெருக்கி, ஒரு மாநகரத்தின் பெருவிழாவையே மாற்றிவிட்டது.

அம்மாநகரம் சல்வடோர். பகியா மாநிலத்தின் தலைநகரம் அதுவே. 1549 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அதனை நிறுவினர். 1763 ஆம் ஆண்டுவரை பிரேசில் நாடு முழுவதற்கும் அது தலைநகராக விளங்கிற்று. கடலோரத்திலே கீழ்நகரமும், குன்றின்மேல் மேல்நகரமுமாக அது அமைந்துள்ளது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே அங்கு பெருந்தொகையினராக வாழ்கின்றனர்.

கத்தோலிக்க மக்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாட்களிலே, பிரேசில் எங்கும் கார்னிவல் என்னும் விழா நிகழும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே சல்வடோர் நகரத்து விழா இரு பிரிவாக இருந்தது. செல்வர் வீட்டார் அலங்கரித்த திறந்த மோட்டார் வண்டிகளிலே பெருந்தெருக்களில் வலம்வந்தனர். பெருஞ்சங்கங்கள் அலங்கார ஊர்திகளை நடத்தின. ஏனையோர் தெருவோரத்திலே நின்று பார்த்தனர். உழைப்பாளர் தமக்கெனத் தனிக்குழுக்களை அமைத்து, முழவொலியுடன் கால்நடையாகச் சென்றனர். காந்தியடிகள் மறைந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1949 இலே, அந்நகரத்துத் துறைமுகத் தொழிலாளர் ‘காந்தியின் மைந்தர்’ என்னும் பெயரிலே ஒரு குழுவைத் தொடங்கினர். வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்து அவர்கள் வீதியிலே செல்லும் வழக்கம் அன்று தொடங்கியதாகும். வண்டியிற் செல்வோர் ஒருபுறம், நடந்து செல்வோர் மறுபுறம் என்று இவ்வாறு பிரிந்திருந்த விழாவிலேதான் அவ்விரு நண்பர்களும் புகுந்தனர்.

அவர்களுள் ஒருவர் அடோல்போ நாசிமெந்தோ. மக்கள் அவரை டோடோ என்றே அழைத்தனர். மற்றவர் ஒஸ்மார் மசேதோ. இருவரும் இசையிலே பற்றுடையவர்கள். டோடோ கிற்றார் வாசித்தார். ஒஸ்மார், கவாக்கின்யோ என்னும் நான்கு தந்திகளையுடைய சிறு கருவியை மீட்டுவதில் வல்லவர். விழாக்களிலும் வானொலியிலும் வாசித்துப் பழகிய அவர்களை ஒரு குறை வருத்தியது. கூட்டத்தின் ஆரவாரம் எழுந்ததும் தந்திக் கருவிகளின் மெல்லொலி மறைந்துவிடும். பித்தளைக் குழல்களும் முழவுகளும் இருக்குமிடத்திலே கவாக்கின்யோவின் குரல் எவர் காதிலும் ஏறாது.

1940 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலே, பெனெடிற்றோ சாவேஸ் என்னும் கலைஞர் சல்வடோருக்கு வந்து குவாரனி அரங்கிலே வாசித்தார். அவருடைய கிற்றாரிலே ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. அந்த ஒலி பெருக்கப்பட்டு அரங்கு எங்கும் கேட்டது. நண்பர் இருவரும் வியந்தனர். ஆயின், அந்தக் கருவியிலும் ஒரு நோய் இருந்ததைக் கண்டனர். ஒலியைச் சிறிது கூட்டியதும் காதைத் துளைக்கும் ஊளை ஒன்று எழுந்தது.

அந்த ஊளைக்குக் காரணம் யாது? கிற்றாரின் உடல் உள்ளே வெறுமையான ஒரு மரப்பெட்டி. அதன் மேற்பலகை மெல்லியது. சிறு அசைவுக்கும் அதிர்வது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் பேரொலி அப்பலகையைத் தாக்கி அதிரச் செய்கின்றது. அந்த அதிர்வை ஒலிவாங்கி மீண்டும் பற்றிக்கொள்ளுகின்றது. அது மறுபடியும் பெருக்கப்பட்டு வெளிவந்து, மறுபடியும் பலகையைத் தாக்குகின்றது. இவ்வாறு ஒலி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஊளையாகிவிடுகின்றது.

வானொலித் தொழில் அறிந்த டோடோ இதற்கு வழி தேடினார். பட்டறை மேசையின்மீது ஒரு தந்தியை இழுத்துக் கட்டி, அதன் கீழே ஒலிவாங்கியை வைத்து மீட்டிப் பார்த்தார் என்பர். ஊளை எழவில்லை; ஒலி தெளிவாக வந்தது. கனத்த மேசை எளிதில் அதிரவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே, பெட்டியை நீக்கி, உட்குழிவில்லாத திண்ணிய மரக்கட்டையிலே தந்திகளைப் பூட்டிப் புதிய கருவிகளை இருவரும் செய்தனர். அவற்றுக்குச் சூட்டிய பெயரும் எளியதே: ‘பாவ் எலேத்ரிக்கோ’, அஃதாவது மின்தடி. அதே காலத்தை ஒட்டி வட அமெரிக்காவிலே லெஸ் பால் என்னும் கலைஞரும் மரக்கட்டையிலே கிற்றார் செய்து பார்த்தார். ஒரே தேவை இரு வேறு நாடுகளிலே ஒரே விடையைத் தந்தது.

கருவி ஆயத்தமாயிற்று. அதனை வீதிக்குக் கொண்டுவரத் தூண்டியது ரெசீபே நகரத்து இசைக்குழு ஒன்றாகும். ‘சிறு விளக்குமாறுகள்’ என்று பொருள்படும் வசோரின்யாஸ் என்னும் பெயருடைய அக்குழு, ரியோ டி ஜெனீரோவுக்குச் செல்லும் வழியிலே சல்வடோரில் இறங்கி வாசித்தது. பிரெவோ என்னும் விரைந்த நடையுடைய இசையைப் பித்தளைக் குழல்களிலே ஊதிக்கொண்டு அவர்கள் சென்றபோது, நகர மக்கள் ஆடிக்கொண்டே பின்தொடர்ந்தனர். அதைக் கண்ட டோடோவும் ஒஸ்மாரும், அந்த இசையையே தங்கள் மின்தடிகளில் வாசித்து வீதியிலே செல்லத் துணிந்தனர். இது 1950 ஆம் ஆண்டு விழாக்காலத்திலே நிகழ்ந்தது என்பது அந்நகரத்தில் வழங்கும் வரலாறு.

ஒஸ்மாரிடம் 1929 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய போர்டு வண்டி ஒன்று இருந்தது. ‘போபிக்கா’ என்பது அதற்கு வழங்கிய செல்லப்பெயர். அதனையே மேடையாக்கினர். இங்கே இரண்டு இடர்கள் எதிர்ப்பட்டன. முதலாவது, திறந்த வெளியின் இயல்பு. மண்டபத்திலே சுவர்களும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக் கேட்போருக்கு உதவுகின்றன. வெளியிலே அந்த உதவி இல்லை. தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே, எழுப்பும் ஒலி தொடக்கத்திலேயே வலிமையுடையதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது இடர் மின்சாரம். ஓடும் வண்டிக்கு வீட்டு மின்கம்பியை நீட்ட இயலாது. வண்டியின் பற்றறி தருவதோ சில வோல்ற்று மட்டுமே. அக்காலத்து வால்வுக் கருவிகளுக்கு அதைப் பன்மடங்கு உயர்த்தித் தருதல் வேண்டும். டோடோ கற்ற தொழில் இங்கே கைகொடுத்தது. வண்டியின் பற்றறியிலிருந்தே மின்சாரம் பெற்று, ஒலிபெருக்கிகள் இயங்குமாறு அவர் அமைத்தார். வண்டியை மேடையாக மாற்றும் வேலையை ஒஸ்மாரின் பட்டறை செய்தது. வண்டிக்கு வண்ணம் தீட்டி, ‘மின்னிசை இருவர்’ என்னும் கருத்துடைய பெயர்ப்பலகையும் மாட்டினர்.

ஞாயிற்றுக்கிழமை அன்று போபிக்கா மேல்நகரத்துத் தெருக்களிலே புறப்பட்டது. அதுவரை தெருவோரத்திலே நின்று பார்த்தவர்கள் வீதியிலே இறங்கினர். வண்டியின் முன்னும் பின்னும் மக்கள் வெள்ளம் நிறைந்தது. செல்வர்களின் அலங்கார வண்டிகள் நகர இடமின்றி நின்றன. ஒஸ்மார் பிற்காலத்திலே நகைச்சுவையுடன் எடுத்துரைத்த செய்தி ஒன்று உண்டு. வண்டியை நிறுத்துமாறு சாரதியிடம் அவர் கூறினாராம். வண்டி பழுதடைந்து வெகுநேரமாகிவிட்டது என்றும், அதை மக்களே தள்ளிக்கொண்டு செல்லுகின்றனர் என்றும் சாரதி விடை கூறினாராம். மேலே இருந்தவர்கள் வாசித்தனர். கீழே நின்றவர்கள் வண்டியை நடத்தினர்.

அடுத்த ஆண்டு தெமிஸ்தோக்கிளெஸ் அரகாவோ என்பவர் அவர்களுடன் சேர்ந்தார். இருவர் மூவராயினர். வண்டியும் பெரிதாயிற்று. ‘திரியோ எலேத்ரிக்கோ’, அஃதாவது ‘மின்னிசை மூவர்’ என்று பெயரை மாற்றி எழுதினர். நாளடைவிலே மூவரைக் குறித்த பெயர் வண்டிக்கே உரியதாயிற்று. 1952 ஆம் ஆண்டிலே குளிர்பானக் கம்பனி ஒன்று லொறி ஒன்றை அலங்கரித்து வழங்கியது. விளம்பரமும் இசையும் ஒருங்கே ஊர்வலம் வரலாயின. 1969 ஆம் ஆண்டிலே புகழ்பெற்ற பாடகர் கயேத்தானோ வெலோசோ இவ்வண்டியைப் பற்றிப் பாடல் இயற்றியதும், பிரேசில் முழுவதும் அதன் பெயர் பரவியது. நெடுங்காலம் இவ்வண்டிகளிலே வாத்திய இசை மட்டுமே ஒலித்தது. 1970 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே மொராயஸ் மொரெய்ரா வண்டியின்மேல் நின்று பாடினார். வாய்ப்பாட்டும் வீதிக்கு வந்தது. ஒஸ்மாரின் மைந்தர் அர்மாந்தின்யோ, பழைய மின்தடியிலே ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். ‘பகியாக் கிற்றார்’ என அது பெயர்பெற்றது.

வால்வு போய்த் திரான்சிஸ்ரர் வந்தது. சிறு பற்றறியின் இடத்தைப் பெரிய மின்பிறப்பாக்கிகள் பற்றின. வண்டியின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் மதில்போல் அடுக்கப்பட்டன. ஆனால், ஒலி வளர வளரச் செலவும் வளர்ந்தது. செலவு வளரவே, வண்டியைச் சுற்றி ஒரு கயிறு தோன்றியது. கட்டணம் செலுத்தி அடையாளச் சட்டை பெற்றவர் கயிற்றுக்கு உள்ளே ஆடலாம். ஏனையோர் வெளியே நிற்கவேண்டும். கயிற்றைப் பிடித்து நடப்பதற்குக் கூலியாட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பின மக்கள். வெளியே நெருக்குண்டு துள்ளுவோருக்கு ‘சோளப்பொரி’ என்று பட்டப்பெயர் எழுந்தது. தேர்வடம் ஊர்கூடிப் பிடித்துத் தேரை இழுப்பதற்கு உரியது. இந்த வடமோ ஊரைப் பிரிப்பதற்குப் பயன்பட்டது. வாயில் இல்லாத இசைக்கு வீதியிலேயே வாயில் அமைந்துவிட்டது.

கயிற்றை எதிர்த்தும் குரல்கள் எழுந்தன. கயிறின்றிச் செல்லும் வண்டிகளும் அவ்விழாவிலே வரலாயின. ஆயிரமாயிரம் மக்கள் கட்டணமின்றி அவற்றைத் தொடர்ந்து ஆடிச் செல்லுகின்றனர். டோடோ 1978 ஆம் ஆண்டிலும், ஒஸ்மார் 1997 ஆம் ஆண்டிலும் காலமாயினர். சல்வடோர் நகரத்துக் கார்னிவல் ஊர்வலம் செல்லும் பெருவழிகளுள் கடலோரத்து வழிக்கு டோடோவின் பெயரும், நகர நடுவிலுள்ள வழிக்கு ஒஸ்மாரின் பெயரும் இடப்பட்டுள்ளன.

நல்ல ஒலியமைப்பு என்பது கருவிகளின் விலையினால் மட்டும் அளக்கப்படுவதன்று. அந்த ஒலி எவரெவர் காதிற் சென்று சேர்ந்தது என்பதும் அதற்கு ஓர் அளவுகோல். இன்றைய பெருவண்டிகளோடு ஒப்பிட்டால் போபிக்காவின் ஒலி மிகச் சிறியது. ஆனால், அதைச் சுற்றி எந்தக் கயிறும் இருக்கவில்லை. அது நின்றபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களே கைகொடுத்துத் தள்ளினர்.