முதல் விலை

ஒரு நாவல் ஆயிரம் படிகள் அச்சாகிறது. ஆயிரம் வாசகர்களின் கைக்கும் போய்ச் சேர்வது அதே நாவல்தான். ஓவியத்துக்கு இந்த வசதி இல்லை. தீட்டப்பட்ட கித்தான் ஒன்றே ஒன்று. அது ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டால், மற்றவர்கள் அதன் நிழற்படத்தைத்தான் பார்க்க முடியும். தமிழ்ச் சிற்றிதழ்களின் வாசகர்களாகிய நாம் நவீன ஓவியத்தை அறிந்துகொண்டதும் பெரும்பாலும் இப்படித்தான். ஆதிமூலத்தின் (1938–2008) கோடுகளை இதழ்களின் அட்டைகளிலும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த சித்திரங்களிலும் கண்டோம். அந்தக் கோடுகள் நமக்கு மனப்பாடம். ஆயினும், ஓர் ஓவியரின் அசல் கோட்டோவியத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டலாம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

புத்தகக் கண்காட்சியில் சில ஆயிரங்களைச் செலவழிக்கத் தயங்காத வாசகர், ஓவியக் கண்காட்சியின் வாசலில் பார்வையாளராக மட்டுமே நிற்கிறார். ஓவியம் வாங்குவது செல்வந்தர்களின் காரியம் என்பது நம்மிடையே கேள்வியின்றி ஏற்கப்பட்ட ஒன்று. பெயர் அறியாத இளம் ஓவியர்களின் அசல் படைப்புகளை விலை குறித்து இணையக் காட்சிக்கூடங்கள் நம் முன் வைக்கும் இக்காலத்தில், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்பது பயன் தரும்.

அரண்மனையிலிருந்து அச்சகத்துக்கு

ஓவியர்கள் தம்மை ஆதரிப்போரைத் தேடி அலைந்த கதை பழையது. தஞ்சை மராட்டியர் அவையை அண்டி வாழ்ந்த ஓவியர் குடும்பங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் என்ற புதிய வாடிக்கையாளர்களையும் கண்டுகொண்டன. ஐரோப்பியக் காகிதத்தில் நீர்வண்ணத்தில், பல்வேறு சாதியினரையும் தொழில் செய்வோரையும் கணவன் மனைவி இணைகளாக வரைந்து தொகுப்புகளாக விற்றார்கள். 1855-இல் தஞ்சை அரசு முற்றிலும் கம்பெனியின் கைக்குப் போனபின் பழைய ஆதரவும் இல்லாமற்போயிற்று. கம்பெனி ஓவியங்கள் என்று இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாக்கும் அப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரைந்தவரின் பெயர் இல்லை. வாங்கியவருக்குப் படம் தேவைப்பட்டது, ஓவியர் தேவைப்படவில்லை.

ராஜா ரவிவர்மா (1848–1906) அதை மாற்றினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றது முதல் அவர் பெயரே ஒரு மதிப்பாயிற்று. ஆனால் அவருடைய தைலவண்ண ஓவியங்கள் அரண்மனைகளுக்கே போயின. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்த ஓவியங்களின் வண்ணப் பிரதிகளை எளிய வீடுகளுக்குக் கொண்டுபோயிற்று. சரஸ்வதியும் லட்சுமியும் இன்னும் நம் மனக்கண்ணில் அவர் கொடுத்த முகத்தோடுதான் தோன்றுகிறார்கள். அதன் வழித்தோன்றலாகக் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) பள்ளியினரின் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாக வீடு வீடாக நுழைந்தன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களின் வீட்டுக்கும் தெய்வ உருவம் வந்தது. கூடவே ஒரு பழக்கமும் வந்தது என்று நாம் கருதுகிறோம். ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் புத்தாண்டுக்கு இலவசமாகக் கிடைப்பதுதான் படம் என்றாயிற்று. படத்துக்குத் தனியே விலை உண்டு, அந்த விலையில்தான் ஒரு மனிதரின் அடுப்பு எரிகிறது என்பது நடுத்தர வீடுகளின் கணக்கில் இடம்பெறவே இல்லை.

சட்டகக் கடையின் சன்னல்

பம்பாயில் கதை சற்று வேறாக நடந்தது. 1947-இல் சூசா, ரஸா, ஹுசைன், ஆரா முதலியோர் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தபோது அவர்களுக்கென்று காட்சிக்கூடம் எதுவும் இல்லை. படங்களுக்குச் சட்டகம் செய்யும் நிறுவனம் நடத்திய கேக்கூ காந்தி, தம் கடைச் சன்னலில் இந்த இளைஞர்களின் ஓவியங்களை வைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்து பம்பாயில் குடியேறிய ஷ்லெசிங்கர், லைடன், லாங்ஹாமர் ஆகியோர் இவர்களை ஊக்குவித்தார்கள். ஓவியங்களை வாங்கவும் செய்தார்கள். ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952-இல் திறந்தது. அதன் மாடியிலேயே காந்தி தம்பதியரின் கெமோல்ட் காட்சிக்கூடம் 1963-இல் தொடங்கியது. ஆக, நவீன இந்திய ஓவியத்தின் தொடக்கத்தில் நின்றவை ஒரு கடைச் சன்னலும், யாருமறியாத பெயர்களுக்குப் பணம் கொடுக்கத் துணிந்த ஒரு சிலரும்தான்.

பாத்திக் துணியால் எழுந்த கிராமம்

சென்னைக்கு அந்த ஒரு சிலர்கூடக் கிடைக்கவில்லை. கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) 1944-இல் இங்கே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். 1957-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியை அடுத்துச் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வரானவர். தம்மிடம் பயின்ற திறமைசாலிகள், படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்து, பிறகு தூரிகையையே தொடாமற்போவதை அவர் ஆண்டுதோறும் கண்டார். ஓவியத்தை வாங்க ஆளில்லாத ஊரில் ஓவியர் எப்படி வாழ்வது?

அவர் கண்ட விடை, ஓவியத்தை விற்க முயலாதிருப்பது. 1960-களின் தொடக்கத்தில் ஓவியர்களும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளைச் செய்தார்கள். ஓவியத்தை ஏறிட்டும் பாராத சென்னைவாசிகள் பாத்திக்கை விரும்பி வாங்கினார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், அன்று சவுக்கும் மணலுமாகக் கிடந்த கடலோரத்தில், ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பாத்திக், தோல், உலோகம், மண் என்று கைவினையில் ஒரு பகுதி நேரம். எஞ்சிய நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். அரசு மானியத்தையோ கொடையாளரையோ நம்பாமல் ஓவியர்கள் தாமே கட்டிக்கொண்ட வீடுகள் அவை. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகனான சிற்பி நந்தகோபால் எனப் பலர் அங்கே இருந்து பணியாற்றினார்கள்.

இந்த ஏற்பாட்டின் நேர்மையை நாம் வியக்காமல் இருக்க முடியாது. வாங்குபவரின் விருப்பம் பாத்திக் துணியோடு நின்றது; கித்தானுக்குள் நுழையவில்லை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் யாருடைய வரவேற்பறைக்காகவும் தீட்டப்பட்டவை அல்ல.

ஆயினும் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சோழமண்டலத்தில் வாழ்ந்தவர்களுள் கே. ராமானுஜம் ஒருவர். கனவு மாளிகைகளும் பாம்புகளும் பறவைகளும் தொப்பியணிந்த தம் உருவமும் நிறைந்த ஓர் உலகத்தை மசியாலும் வண்ணத்தாலும் நுணுக்கமாக வரைந்தவர். ஏழ்மையும், பிறரோடு சரளமாகப் பேசிப் பழக இயலாத தனிமையும் அவரைச் சூழ்ந்திருந்தன. முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973-இல் மறைந்தார். அவருடைய படங்கள் இன்று ஏலங்களில் இலட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. அந்த இலட்சங்களில் ஒரு சிறு துளி, உரிய காலத்தில், முன்பின் அறியாத ஒரு வாசகரிடமிருந்து அவருக்கு வந்திருக்குமானால் என்ற நினைப்பு நம்மை விட்டு அகல மறுக்கிறது.

திரைக்கு வந்த ஏலம்

2000-ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கப்பட்ட சாஃப்ரான் ஆர்ட், இந்திய ஓவியங்களை இணையத்தில் ஏலம் விட்டு ஒரு புதிய காலத்தைத் திறந்தது. வெளிநாடு வாழ் இந்தியர் ஒருவர் நள்ளிரவில் தம் கணினியின் முன் அமர்ந்து ஹுசைனுக்கும் ரஸாவுக்கும் விலை கேட்க முடிந்தது. முன்பு காட்சிக்கூட உரிமையாளரின் மேசை இழுப்பறைக்குள் இருந்த விலை, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதே ஆண்டுகளில் நியூயார்க் ஏல மேடைகளிலும் இந்திய ஓவியங்களின் மதிப்பு பெருகிற்று. தையப் மேத்தாவின் 'மகிஷாசுரன்' 2005-இல் 15 இலட்சம் டாலரைத் தாண்டியது. பங்குச் சந்தைக்காரர்கள் ஓவியத்தை முதலீடு என்று பேசத் தொடங்கினர். அதற்கென நிதிகளும் திரட்டப்பட்டன. 2008-இன் பொருளாதாரச் சரிவில் அந்தப் பேச்சு அடங்கியது.

இணையத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 2006-இல் லண்டனின் சாட்சி காட்சிக்கூடம், உலகின் எந்த மூலையிலுள்ள ஓவியரும் தம் படைப்புகளைத் தாமே ஏற்றிக் காட்டவும் நேரடியாக விற்கவும் தன் இணையதளத்தில் இடம் கொடுத்தது. பின்னாளில் அதுவே தரகு பெறும் பெரிய விற்பனை நிலையமாக வளர்ந்தது. அதைப் பின்பற்றிப் பல தோன்றின. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் கதவடைத்த காட்சிக்கூடங்களும் திரைக்கு வந்து சேர்ந்தன.

ஏலத்தையும் திறந்த காட்சிக்கூடத்தையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. ஏலத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் வாங்கி வைத்திருந்தவை. திறந்த காட்சிக்கூடத்தில் ஓவியர் தம் படைப்பை முதன்முதலாக விற்கிறார்.

பணம் யாருக்குப் போகிறது?

இந்த வேறுபாடுதான் நம் கட்டுரையின் மையம். அம்ரிதா ஷேர்கில் 1937-இல் தீட்டிய 'கதைசொல்லி' 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அதே ஷேர்கில், உயிரோடிருந்த நாட்களில் ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தியும் மிகச் சில ஓவியங்களையே விற்க முடிந்தது. 1941-இல், 28 வயதில் இறந்தார்.

அமெரிக்காவில் இந்த முரண் ஒருமுறை நேருக்கு நேர் மோதிக்கொண்டது. ராபர்ட் ரௌஷன்பர்க்கின் ஓவியம் ஒன்றை 1958-இல் 900 டாலருக்கு வாங்கியிருந்தவர், 1973-இல் அதை 85,000 டாலருக்கு ஏலத்தில் விற்றார். அங்கே வந்திருந்த ஓவியர் அவரை நேரில் சாடினார். ஏனெனில் அந்த இலாபத்தில் அவருக்கு ஒரு காசும் இல்லை. பிரான்ஸ் 1920-இலேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டத்தை இயற்றியிருந்தது. கலிபோர்னியா 1976-இல் அவ்வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெரும்பகுதியைப் பின்னர் நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994-இல் 53-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ ஒரு பங்கு உண்டு. அது 10 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது. நடைமுறையில் அந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடக்கிறது.

ஆகவே, ஓர் ஓவியம் எத்தனை முறை கைமாறினாலும் ஓவியரின் கைக்கு உறுதியாக வந்து சேரும் பணம் முதல் விலை மட்டுமே. அதிலும் காட்சிக்கூடத்தின் தரகு, பாதிவரைகூடக் கழிந்துவிடும். செய்தித்தாள்கள் கொண்டாடும் கோடிகள் உடைமையாளர்களுக்குரியவை. ஓவியருக்குரியது, பெயரற்றிருந்த காலத்தில் யாரோ ஒருவர் துணிந்து கொடுத்த சில ஆயிரங்கள்.

திரையில் பார்த்து வாங்குவது

திரையில் காண்பது ஓவியம் அன்று என்ற மறுப்பு நியாயமானதே. உள்ளங்கையளவு சித்திரமும் ஆறடிக் கித்தானும் திரையில் ஒரே அளவில் தெரிகின்றன. வண்ணத்தின் தடிமனும் காகிதத்தின் சொரசொரப்பும் மறைந்துவிடுகின்றன. ஒளிரும் திரைக்கேற்ற பளிச்சிடும் வண்ணங்கள் முன்னுக்கு வர, அடங்கிய வண்ணங்களில் பணிபுரிபவர் பின்தங்குகிறார். அதிகம் பார்க்கப்பட்டதையே மேலும் காட்டும் கணிப்பொறியின் வரிசை, கம்பெனி அதிகாரியின் ரசனையைப்போலவே ஓவியரை வளைக்கக்கூடும்.

இவற்றை அறிந்துகொண்டு அணுகுவதே தக்கது. அளவைச் சென்டிமீட்டரில் குறித்து, சுவரில் ஒரு செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நிழற்படத்தையும் பின்புறத்தின் படத்தையும் கேட்டுப் பெறலாம். அசலா, அசலின் அச்சுப் பிரதியா என்று விற்பனைக் குறிப்பில் பார்க்க வேண்டும். மரச்செதுக்கு, செப்புத்தகட்டு அச்சு போன்றவற்றில் ஓரத்தில் 7/50 என்பதுபோல் எழுதியிருந்தால், அது ஐம்பதில் ஏழாவது படி என்று பொருள். அவையும் ஓவியரின் கைப்பட்ட அசல்களே, விலையும் குறைவு. ஓவியர் கையொப்பமிட்ட சான்றும் விற்பனைச் சீட்டும் அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஓவியரின் நான்கைந்து ஆண்டுப் பணியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கவிஞரை நாம் அப்படித்தானே அறிகிறோம்?

புதிய எழுத்தாளரை முதல் தொகுப்பிலேயே இனங்கண்டு, ஐந்நூறு படிகளில் ஒன்றை வாங்கி, நண்பர்களிடம் பேசிப் பேசி அவரை நிலைநிறுத்துவது நம் சிற்றிதழ் மரபு. அந்தப் பழக்கம் ஓவியத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்புவதற்குரிய கடைச் சன்னலும் நம் ஊர்களில் இல்லை. தென்காசியிலோ திருவண்ணாமலையிலோ இருப்பவருக்கு இன்று அந்தச் சன்னல் திரையில் கிடைத்திருக்கிறது. விலை ஏறுமா என்று பாராமல், பிடித்த ஒரு சிறு கோட்டோவியத்தை, வரைந்தவர் உயிரோடும் உழைப்போடும் இருக்கும்போதே வாங்குபவர், அவர் அடுத்த படத்துக்கு வேண்டிய காகிதத்தையும் வண்ணத்தையும் சேர்த்தே வாங்கிக் கொடுக்கிறார்.