புரோமோட்டர் திறப்பு (பாக்டீரியாவில்)

பாக்டீரியாவின் டிஎன்ஏவில் ஒரு மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால், அமைந்த பகுதி புரோமோட்டர் எனப்படும். ஆர்என்ஏ பாலிமரேஸ் என்னும் நொதி அங்கே வந்தமர்ந்து, முறுக்கிக் கிடக்கும் இரு இழைகளையும் ஏறக்குறைய 13 கார இணைகள் அளவுக்குப் பிரிக்கிறது. அதன் பிறகே படியெடுத்தல் தொடங்கும். இழைகள் பிரிந்த நிலையில் நொதியும் டிஎன்ஏவும் சேர்ந்திருக்கும் அமைப்புக்குத் திறந்த கூட்டமைவு என்று பெயர்.

சங்ககிரிக்கு அக்கம்பக்கத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை போன்ற ஊர்களில் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விட்டால்தான் நாடா குறுக்கே ஓடும். டிஎன்ஏ இழைகள் பிரிந்தால்தான் ஆர்என்ஏ உருவாகும். ஆனால் தறியில் பாவைப் பிரிக்க மிதியோ மோட்டாரோ வேண்டும். பாக்டீரியாவின் பெரும்பாலான புரோமோட்டர்களைத் திறக்க அப்படி எரிபொருள் எதுவும் செலவாவதில்லை. உயிரணுவின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றுகூட உடைவதில்லை. நொதி டிஎன்ஏவைப் பற்றும்போது கிடைக்கும் பிணைப்பு ஆற்றலும் மூலக்கூறுகளின் வெப்ப அசைவுமே போதும். மனித உயிரணுவில் புரதங்களுக்கான மரபணுக்களைப் படிக்கும் பாலிமரேஸுக்கு இந்த வேலையில் ஏடிபியைச் செலவழிக்கும் துணைப் புரதம் வேண்டியிருக்கிறது. பாக்டீரியாவிலும் விதிவிலக்கு உண்டு: சிக்மா-54 என்னும் காரணி கொண்டுவரும் நொதி, ஏடிபியை உடைக்கும் இன்னொரு புரதம் தூண்டும்வரை மூடியபடியே காத்திருக்கும்.

நொதியின் மையப் பகுதி இரண்டு ஆல்பா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா-பிரைம், ஒரு ஒமேகா என ஐந்து துண்டுகளால் ஆனது. பார்வைக்கு நண்டுக் கொடுக்கு போலிருக்கும். ஆர்என்ஏவைக் கோக்கும் திறன் இதற்கு உண்டு. எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியாது. அந்த அறிவைத் தருவது சிக்மா காரணி. ரிச்சர்ட் பர்ஜெஸ், ஆண்ட்ரூ டிராவர்ஸ் முதலானோர் 1969இல் இதை அறிவித்தார்கள். படியெடுத்தல் தொடங்கும் எழுத்துக்கு, அதாவது காரத்துக்கு, சுமார் 35 எழுத்துகள் முன்னால் ஒன்றும், 10 எழுத்துகள் முன்னால் ஒன்றுமாக இரண்டு அடையாளத் தொடர்களைச் சிக்மா தேடுகிறது. இரண்டாவது தொடரை 1975இல் டேவிட் பிரிப்னோ விவரித்தார். தைமின், அடினின், தைமின், அடினின், அடினின், தைமின் என்பது அதன் முழு வடிவம். அடினினும் தைமினும் இரண்டே ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்தவை; குவானைன்–சைட்டோசின் இணைக்கு மூன்று உண்டு. பிரிக்க எளிதான இடத்தில்தான் பிரிப்பு தொடங்குகிறது.

முதலில் நொதி, இன்னும் பிரியாத டிஎன்ஏவின் மேல் அமர்கிறது. இது மூடிய கூட்டமைவு. பிறகு டிஎன்ஏ வளைந்து கொடுக்கின் பிளவை நோக்கி வருகிறது. தொடக்க எழுத்துக்கு 11 இடம் முன்னால் இருக்கும் அடினின் தன் இணையை விட்டு வெளியே புரள்கிறது; சிக்மாவில் அதற்கென்றே அமைந்த குழி அதைப் பிடித்துக்கொள்கிறது. 7 இடம் முன்னால் உள்ள தைமினுக்கும் அப்படி ஒரு குழி இருப்பதை 2011இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. என் பார்வையில் இந்த நிகழ்ச்சியிலேயே மிக அழகான கட்டம் இதுதான். இழையை யாரும் இழுத்துக் கிழிப்பதில்லை. வெப்ப அசைவில் தற்செயலாக வெளியே புரளும் ஓர் எழுத்து பிடிபட்டுவிடுகிறது; திரும்பிப் போக முடியாததால் அடுத்தடுத்த இணைகளும் அவிழ்கின்றன. படிக்க வேண்டிய இழை மக்னீசிய அயனி காத்திருக்கும் வினைமையத்துக்குள் இறங்குகிறது, கொடுக்கு மூடிக்கொள்கிறது.

வெப்பம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவின் நொதியைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் அது புரோமோட்டரின் மேல் மூடிய நிலையிலேயே நிற்கும். 37 பாகையில் திறக்கும். நாமக்கல் பண்ணைக் கோழியின் உடல் வெப்பம் 41 பாகையை ஒட்டியது. அதன் குடலில் வாழும் ஈ. கோலைக்கு இந்தத் தடை ஒருபோதும் வருவதில்லை.

காசநோய்க் கிருமியின் நிலை வேறு. அதன் டிஎன்ஏ 44 லட்சம் கார இணைகள் கொண்டது. அவற்றில் சுமார் 65 விழுக்காடு, பிரிக்கக் கடினமான குவானைன்–சைட்டோசின் இணைகள். அந்தக் கிருமி சேர்ந்த மைக்கோபாக்டீரியங்களின் நொதி உண்டாக்கும் திறந்த கூட்டமைவு ஈ. கோலையினுடையதைப் போல உறுதியானதல்ல. சீக்கிரமே மறுபடி மூடிக்கொள்ளும். ஈ. கோலையிடம் இல்லாத கார்-டி, ஆர்பிபி-ஏ என்ற இரண்டு புரதங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தீபங்கர் சட்டர்ஜியும் வி. நாகராஜாவும் தத்தம் குழுக்களோடு மைக்கோபாக்டீரியப் படியெடுத்தலை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். பலரும் பொருட்படுத்தாமல் விட்ட சிறிய ஒமேகா துண்டின் பங்கைத் துலக்கியதில் சட்டர்ஜி குழுவுக்குத் தனி இடம் உண்டு.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் கவனிப்பது சிறுநீர் செம்மஞ்சளாக மாறுவதை. அந்த நிறம் ரிஃபாம்பிசினுடையது. இது இந்த நொதியின் பீட்டா துண்டில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. புரோமோட்டர் திறப்பையே இது தடுக்கிறது என்று சிலர் எழுதுவது தவறு. டிஎன்ஏ திறக்கிறது, இரண்டு மூன்று எழுத்துகள் கோக்கவும்படுகின்றன. அதற்குமேல் ஆர்என்ஏ வெளியேறும் பாதையில் மருந்து குறுக்கே நிற்கிறது. திறப்பையே முடக்குவது ஃபிடாக்சோமைசின்: கொடுக்கின் கீலில் சிக்கி அதை மூடவிடாமல் செய்யும். ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்தில் சரியாகச் சேர்வதில்லை. அதனால் குடல் தொற்றுக்கே பயன்படுகிறது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சைகளையும் பிற்காலத்தில் அங்கே சோதித்தார்கள். அந்த மருந்துக்குக் கிருமி பணியாதபோது காரணம் பெரும்பாலும் பீட்டா துண்டுக்கான மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள சிறு பகுதியில் இருக்கும். மாவட்ட மருத்துவமனைகளில் சளியை வாங்கி ‘சிபிநாட்’ கருவியில் போடும்போது, சுமார் இரண்டு மணி நேரத்தில் அது சோதித்துச் சொல்வது அந்த 81 எழுத்துகளைத்தான்.