ஐந்து டிகிரி தகராறு

'மரை கழண்ட கேஸ்' என்று யாரையாவது கிண்டலடிக்கிறோமே, அந்த மரைக்காக இரண்டு தேசங்கள் எண்பது வருஷத்துக்கும் மேல் முறைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

1841-க்கு முன்னால் இங்கிலாந்தில் போல்ட், நட்டு எல்லாம் பட்டறைக்குப் பட்டறை வேறு. இங்கே கடைந்த போல்ட்டில் பக்கத்துப் பட்டறை நட்டு ஏறாது. எஞ்சினில் ஒரு போல்ட் உடைந்தால், செய்தவரிடமே போய் நிற்க வேண்டும். (செய்தவருக்குக் கசக்குமா என்ன?)

மான்செஸ்டர்காரர் ஜோசப் விட்வொர்த் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பல பட்டறைகளின் போல்ட்களைத் திரட்டினார். அளந்தார். சராசரி எடுத்தார். அவ்வளவுதான்! விட்டம் இவ்வளவு என்றால் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று பட்டியல் போட்டார். அரை அங்குல போல்ட்டுக்கு (நம்ம ஹார்டுவேர் கடை பாஷையில் நாலு நூல்) 12 புரி. புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. மேடும் பள்ளமும் உருண்டையாக இருக்க வேண்டும். ரயில்வே கம்பெனிகள் சரி என்றன. மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள்.

அமெரிக்கா வரவில்லை. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் வில்லியம் செல்லர்ஸ் எழுந்தார். 55 டிகிரியைச் சரிபார்ப்பது தலைவலி, மேட்டை உருட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்றார். 60 டிகிரி என்றால் சமபக்க முக்கோணம், பள்ளிக்கூடப் பையனே வரைவான். மேட்டை மொட்டையாக விட்டால் போதும். நியாயமான பேச்சுதான். ஆனால் அரை அங்குலத்துக்கு அவர் சொன்னது 13 புரி! கால் அங்குலத்துக்கு இருவருமே 20 புரி. அதில் நட்டு ஏறுவதுபோல ஏறும், ஒழுங்காகப் பொருந்தாது. அது இன்னும் ஆபத்து.

இரண்டாம் உலகப் போரில் கணக்குத் தீர்க்க வேண்டி வந்தது. ரோல்ஸ்ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்டில் பேக்கார்டு கம்பெனி தயாரிக்க ஒப்புக்கொண்டது. உதிரி பாகங்கள் மாற்றிப் போடும்படி இருக்க வேண்டுமே! மரை எல்லாம் பிரிட்டிஷ் மரை. அதை வெட்டும் டேப்பும் டையும் அமெரிக்கக் கடையில் ஏது? பேக்கார்டு தானே செய்துகொண்டது. அங்கே குண்டு விழுகிறது, இங்கே டேப் தேடுகிறார்கள்.

1948 நவம்பர் 18. வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கையெழுத்திட்டன. ஜெயித்தது 60 டிகிரி. பின்னால் வந்த மெட்ரிக் மரைக்கும் அதே கோணம்தான். எம்10 போல்ட் என்றால் விட்டம் 10 மி.மீ.; வழக்கமான ரகத்தில் புரிக்குப் புரி 1.5 மி.மீ.

விட்வொர்த்தின் 55 டிகிரி காணாமல் போய்விடவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையில் இன்றும் அதுதான்.