ஃபைல் இருக்கு, தமிழ் எங்கே?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதனால நிறைய வீடுகள்ல இப்போ ஒரே பேச்சுதான்: புது கம்ப்யூட்டர் எது வாங்கலாம், பழசுல இருக்கிறதை எப்படிப் பத்திரப்படுத்தலாம்? ப்ராசசர், ரேம் பத்திச் சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் பேசப்போறது இதே கேள்வி தமிழ்ல டைப் பண்ணினவங்களை என்ன பாடு படுத்துச்சு என்பதை. ஏன்னா அந்தக் கதையில, பேக்கப் ஒழுங்கா எடுத்து வெச்சவங்களுக்கும் எழுதினது கைக்கு வராமப் போயிருக்கு.

1990களின் பிற்பகுதிக்குப் போவோம். சென்னையில வீட்டுக்கு கம்ப்யூட்டர் வேணும்னா பலரும் போனது ரிச்சி தெரு. கேபினட், மானிட்டர், ஹார்டு டிஸ்க்னு தனித்தனியா வாங்கி அசெம்பிள் பண்ணிக்கிட்டு வருவாங்க. அதெல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா ஒரு தேர்வு. தமிழுக்கு என்ன போடுறது? யாரும் பெருசா யோசிக்காத தேர்வு அது. ஆனா நீங்க எழுதினதை இருபது வருஷம் கழிச்சுப் படிக்க முடியுமா முடியாதான்னு முடிவு பண்ணினது அதுதான்.

எப்படின்னு சொல்றேன். அன்றைய கணினி ஒரு எழுத்தை ஒரு எண்ணாகத்தான் சேமிக்கும். மொத்தம் 256 இடம். முதல் 128 இடத்தை ஆங்கிலமும் அதோட குறியீடுகளும் எடுத்துக்கும். தமிழுக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட இடம் எதுவும் நடைமுறையில இல்ல. அதனால எழுத்துரு செய்தவங்க ஒவ்வொருத்தரும் தங்களுக்குத் தோணின இடத்துல தமிழை வெச்சாங்க. சிலர் மேல் பாதி 128 இடத்துல. சிலர் நேரா ஆங்கில எழுத்துகளோட இடத்துலயே, அதாவது அதே எண்ணுக்கு ஆங்கிலப் படத்தை எடுத்துட்டுத் தமிழ்ப் படத்தை ஒட்டிட்டாங்க.

இலங்கைத் தமிழர்களும் புலம்பெயர்ந்தவங்களும் பரவலாப் பயன்படுத்தின பாமினி எழுத்துரு இந்த இரண்டாவது வகை. பாமினியில ‘தமிழ்’னு அடிச்சா, கணினிக்குள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். தமிழ்னு ஒரு சொல் அங்க கிடையவே கிடையாது. திரையில தெரியுறது மேல போர்த்தின படம். அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஃபைலைக் கொண்டுபோனா படம் விலகிடும், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் பல்லிளிக்கும்.

இது சோம்பேறித்தனத்தால நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1980களிலேயே கனடாவில ‘ஆதமி’, மலேசியாவில முத்து நெடுமாறனோட ‘முரசு’ன்னு தனி ஆட்கள் ராத்திரி பகலா உட்கார்ந்து தமிழைக் கணினிக்குள்ள கொண்டுவந்தாங்க. காத்துக்கிட்டு இருந்திருந்தா பத்து வருஷம் தமிழே இருந்திருக்காது. ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, வழிகள் ஒன்னோடொன்னு சேரல. பத்திரிகை இணையதளங்களுக்குக்கூட ஒவ்வொன்னுக்கும் தனி எழுத்துரு. டவுன்லோடு பண்ணினாத்தான் படிக்க முடியும்.

இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காம இல்ல. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே விவாதிச்சு ‘டிஸ்கி’ன்னு ஒரு பொதுக் குறியீட்டை உருவாக்கினாங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ‘டேம்’, ‘டேப்’னு இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவிச்சது. ஆக, குழப்பத்தைத் தீர்க்க வந்த தரங்களே மூணு! விசைப்பலகை மட்டும் நிலைச்சுது. நான் இன்னைக்கும் அதுலதான் அடிக்கிறேன்.

இங்க கொஞ்சம் பின்னாடி போறேன், ஏன்னா இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதுசில்ல. ஓலைச்சுவடியில பொதுவா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க. எழுத்தாணி ஓலையைக் கிழிச்சிடும்னு காரணம் சொல்லுவாங்க. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே மாதிரி இருக்கும். நெருப்பா, நீர்நிலையான்னு படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும். ‘ர’வும் துணைக்காலும்கூட ஒன்னுபோலவே இருக்கும். சுவடி பத்திரமா இருந்தா மட்டும் போதாது. அதைப் படிக்கிற திறவுகோல் ஒரு ஆளோட தலைக்குள்ள இருக்கணும். உ.வே. சாமிநாதையர் 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார். ஏடு தேடி ஊர் ஊரா அலைஞ்சதைத்தான் நாம அதிகம் பேசுறோம். அந்த ஏடுகளைப் படிச்சு, ஒன்னோடொன்னு ஒப்பிட்டு, எது சரியான பாடம்னு முடிவு பண்ணினது அதைவிடக் கஷ்டமான வேலைன்னு எனக்குத் தோணுது.

என் பெரியப்பா மாயவரம் பக்கத்துல 1996லிருந்து ஒரு டி.டி.பி. சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ் அடிச்சு முடிச்ச பிறகு, சாயங்காலத்துல ஊர்ப் பெரியவங்களை உட்கார வெச்சு அவங்க சொல்றதை டைப் பண்ணுவார். பழைய நெல் ரகங்கள், வெள்ளம் வந்த வருஷங்கள், நின்னுபோன கூத்துகள். மொத்தம் 22 ப்ளாப்பி. ஒவ்வொன்னும் 1.44 எம்பி. சொன்னவங்க ஒருத்தரும் இப்போ இல்ல, பெரியப்பாவும் இல்ல. யூஎஸ்பி ப்ளாப்பி டிரைவ் ஒன்னு வாங்கி நானும் அண்ணனும் போட்டுப் பார்த்தோம். 15 ப்ளாப்பி படிச்சுது. ஃபைல்கள் முழுசா இருந்தன. தமிழ்தான் இல்ல.

பெரும்பாலானவை பாமினி. அதுக்கு மாற்றிகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. இருந்தாலும் அது நேரடி எழுத்து மாற்றம் கிடையாது. ‘கொ’வை எடுத்துக்கோங்க. பழைய எழுத்துருவுல கண்ணுக்குத் தெரியுற வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, க, கால்னு மூணு துண்டு. யூனிகோடுல முதல்ல க, அப்புறம்தான் உயிர்க்குறி. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போடணும். இன்னொரு தலைவலி: வெறும் டெக்ஸ்டா சேமிச்ச ஃபைல்ல எது பாமினி, எது நிஜ ஆங்கிலம்னு அடையாளமே இருக்காது. ஒருத்தர் பேருக்கு முன்னாடி இருந்த ஆங்கில இனிஷியல்கூட ஏதோ ஒரு தமிழ் எழுத்தா மாறி நிக்கும். வேர்டு ஃபைல்ல ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துரு பேர் பதிஞ்சிருக்கும், அதனால தப்பிச்சோம்.

இரண்டு ப்ளாப்பி மட்டும் எந்த மாற்றிக்கும் மசியல. அது ஹார்டுவேர் லாக் சொருகினாத்தான் ஓடுற ஒரு மென்பொருள்ல அடிச்சது. கம்பெனி பேர் வேண்டாம். லாக் எப்பவோ தொலைஞ்சிருச்சு. பரண்ல தேடினப்போ அதுல ஒரு அத்தியாயத்தோட அச்சுப் பிரதி கிடைச்சுது. அதைப் பக்கத்துல வெச்சு, இந்தக் குறி இந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை போட்டு, அண்ணன் மூணு வாரத்துல மீதியையும் படிச்சுட்டான். சுவடி படிக்கிறது மாதிரியேதான். காப்பாத்தினது கடைசியில ஒரு காகிதம்!

யூனிகோடுல தமிழுக்கு 1991லயே இடம் இருந்தது. ஆனா விண்டோஸ் 2000லதான் மைக்ரோசாஃப்ட் கணினிகள் அதை ஒழுங்காக் காட்ட ஆரம்பிச்சது. எக்ஸ்பியில்கூட செட்டிங்ஸ்ல போய் ஒரு பெட்டியை டிக் பண்ணி, சிடியைச் சொருகி ஏத்திக்கணும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் வேணும்னு கேட்டவங்களோட சண்டை ரொம்ப நாள் நடந்தது; 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அந்தத் தனி எண் முறையான டேஸ் 16ஐயும் சேர்த்தே ஏத்துக்கிச்சு. யார் சொன்னது இலக்கணப்படி சரின்னு நான் தீர்ப்பு சொல்லப்போறதில்ல. யூனிகோடு எல்லார் போன்லயும் வந்துருச்சு, அதோட கதை முடிஞ்சுது.

இந்த மாற்றத்தைச் சரியாத் தாண்டினவங்களும் உண்டு. 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்துல, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செஞ்சு டிஸ்கியில வெளியிட்டாங்க. யூனிகோடு பரவினதும் அவற்றை மறுபடி மாத்தினாங்க. ஓலை செல்லரிக்கிறதுக்கு முன்னாடி புது ஓலையில படியெடுத்து வெச்சவங்க செஞ்சதும் இதேதான்.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன். புது லேப்டாப் வாங்கும்போது சேமிப்பு டிஸ்க் கழட்டுற மாதிரி இருக்கான்னு கேளுங்க. போர்டோட சேர்த்து ஒட்டியிருந்தா, போர்டு போனா தரவும் பெரும்பாலும் போச்சு. விண்டோஸ் 11ல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கலாம், அந்த மீட்புச் சாவியை ஒரு காகிதத்துல எழுதி வைங்க. க்ளவுட் சிங்க்கை பேக்கப்னு நம்பாதீங்க, ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும். தனி ஹார்டு டிஸ்க்ல ஒரு பிரதி, வேற வீட்டுல இன்னொரு பிரதி.

அப்பா அம்மாவோட பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போகப்போகுதுன்னா, மை டாக்குமெண்ட்ஸ் மட்டும் எடுத்துட்டு விட்டுடாதீங்க. சி டிரைவ், அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதையும் முழுசா காப்பி பண்ணிட்டு அப்புறமா கொடுங்க.