முப்பது பேருந்துகளும் ஒரு மனுவும்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் என்றொரு மாவட்டம். பருத்தி விளையும் பூமி. அன்று மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். பள்ளிகளோ நிறத்துக்கு ஒன்று.

1949-50 கல்வியாண்டில் வெள்ளைக் குழந்தை ஒன்றுக்கு அரசு செலவிட்டது 179 டாலர். கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை.

1947இல் லீவை பியர்சன் என்ற விவசாயி ஒரே ஒரு பேருந்து கேட்டார். அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். 1949இல் பெற்றோர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். முதலில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் பங்க் வேலை போனது. அவர் மனைவி எலைசாவின் விடுதி வேலையும் போனது. மக்களைத் திரட்டிய போதகர் டிலேனின் வீடு 1951இல் எரிக்கப்பட்டது.

வழக்கு வலுத்ததும் அரசு இறங்கி வந்தது: உங்களுக்கும் புதுக் கட்டடம் கட்டித் தருகிறோம், ஆனால் தனியாகத்தான்! மக்கள் மயங்கவில்லை. பிரித்து வைப்பதே சமமின்மை என்று 1951இல் நீதிபதி வாரிங் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். 1954இல் பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. அதில் இணைந்த ஐந்து வழக்குகளில் கிளாரண்டன் வழக்கும் ஒன்று.

தோழர்களே, நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்கிறோம், கழிப்பறை கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஏன் அங்கே வந்து சேருவதில்லை என்பதையும் சேர்த்தே கேட்போம். உங்கள் ஊரின் இரண்டு பள்ளிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்களோடு போய் நில்லுங்கள்.