மின்விளக்கில் தொடங்கிய கேலக்ஸி ஆராய்ச்சி

இரண்டு கேலக்ஸிகள் மோதி முடியப் பல கோடி ஆண்டுகள் ஆகும். மனிதனுக்கு வானத்தில் கிடைப்பதோ அதன் ஒரே ஒரு காட்சி மட்டுமே. முன்னும் பின்னும் நடப்பதை எப்படி அறிவது? கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நட்சத்திரமும் மற்ற எல்லாவற்றையும் ஈர்க்கிறதே!

சுவீடன் நாட்டு வானியலாளர் எரிக் ஹோம்பெர்க் 1941ல் இதற்கு ஒரு வழி கண்டார். தூரம் இரு மடங்கானால் ஈர்ப்பு விசை கால் பங்காகக் குறையும். விளக்கின் வெளிச்சமும் அப்படித்தான் குறையும். எனவே ஈர்ப்புக்குப் பதில் வெளிச்சத்தை அளந்தால் போதும்!

கேலக்ஸிக்கு 37 வீதம் மொத்தம் 74 மின்விளக்குகளை வைத்தார். விளக்கு இருக்கும் இடத்தில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்தார். அதற்கேற்ப விளக்குகளைச் சற்று நகர்த்தினார். மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். இன்றைய கம்ப்யூட்டர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். அருகே கடந்து செல்லும் கேலக்ஸிகள் உருக்குலைந்து, சுருள் கரங்கள் போன்ற வடிவம் பெறுவதை அவர் கண்டார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1960ல் ஜெர்மனியில் செபாஸ்டியன் ஃபான் ஹோர்னர் அதில் கணக்கிட்டது அதிகபட்சம் 16 நட்சத்திரங்களை. 1963ல் கேம்பிரிட்ஜில் ஸ்வெர்ரே ஆர்செத் 100 வரை சென்றார். 16 நட்சத்திரங்களுக்கு 120 ஜோடிகள். 100 என்றால் 4950 ஜோடிகள்! ஒவ்வொரு ஜோடிக்கும் விசையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

1973ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜெரெமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜிம் பீபிள்ஸும், தட்டு வடிவில் சுழலும் கேலக்ஸி ஒன்றைச் சில நூறு புள்ளிகளால் உருவாக்கினர். அது நிலைக்கவில்லை. சில சுற்றுகளிலேயே தட்டு சிதைந்து நீண்ட பட்டை போல ஆனது. அப்படியானால் நம் பால்வீதி மட்டும் எப்படி நிலைத்து நிற்கிறது? தட்டைச் சுற்றிப் பெரும் நிறையுள்ள ஒளிவட்டம் இருந்தால் அது நிலைக்கும் என்றனர். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உண்டு என்பதற்கு இது ஒரு வலுவான வாதமாயிற்று.

2005ல் வெளியான மில்லேனியம் உருவகப்படுத்தலில் 1000 கோடிக்கும் அதிகமான துகள்கள். அதிலும் ஒவ்வொரு துகளும் ஒரு நட்சத்திரம் அல்ல, சுமார் 100 கோடி சூரியன்களின் நிறை! எண்ணிக்கை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் ஹோம்பெர்க்கின் ஒரு விளக்கு கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்காக நின்றது போலத்தான், கம்ப்யூட்டரின் ஒரு துகளும் நிற்கிறது. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்று முடிவு செய்யும் வேலை இன்னும் மனிதனிடமே இருக்கிறது.