தலஅத் ஹர்ப்: ஒரு பெயரின் வரலாறு

எகிப்தின் பருத்தி லங்காஷயருக்குச் சென்று துணியாகத் திரும்பிய காலத்தில், 1920இல், 80,000 பவுண்டு முதலுடன் தலஅத் ஹர்ப் கெய்ரோவில் மிஸ்ர் வங்கியை நிறுவினார். ‘மிஸ்ர்’ என்பது எகிப்தின் அரபிப் பெயர். பங்குதாரர் எகிப்தியராக இருத்தல் வேண்டும். கணக்கேடுகள் அரபியிலேயே எழுதப்பட வேண்டும். நிதியுலகில் பிரெஞ்சு கோலோச்சிய நகரில் இரண்டாவதே பெருந்துணிவு. இளமையில் அவர் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் என்பதும் கருதத்தக்கது. மஹல்லா நூற்பாலை (1927), திரைப்படக்கூடம் (1935) என எழுந்த நிறுவனங்களெல்லாம் அப்பெயரையே தாங்கின. எனினும் 1932இல் தொடங்கிய மிஸ்ர் விமான நிறுவனத்துக்குப் பிரிட்டானிய ஏர்வொர்க்கின் கூட்டு வேண்டியிருந்தது. புகழுரைகள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. 1939இல் போரச்சத்தால் வைப்பாளர்கள் பணத்தை எடுக்கத் திரண்டனர். அரசு கைகொடுத்தது, ஹர்ப் பதவி விலகவேண்டும் என்பது நிபந்தனை. விலகினார், 1941இல் மறைந்தார். 1960இல் நாஸர் அரசு வங்கியை நாட்டுடைமையாக்கியது. பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.